கோட்டைக்குள் நுழைந்தால் மட்டும் போதுமா?

"பசுங்கணிகம் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது" என்று, இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் இந்தப் பச்சை நுண்ணுறுப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. பாதி சரி என்றுகூடச் சொல்ல முடியாது. அதன் சொந்த டிஎன்ஏ தருவது சுமார் 80 புரதங்கள்தான். மற்றவை, ஆயிரக்கணக்கில், உட்கருவின் குறிப்புப்படி வெளியே உருவாகி உள்ளே வருபவை.

காட்பாடியில் டியூஷன் எடுக்கும்போது வேலூர்க் கோட்டையை வைத்துத்தான் இதைச் சொல்வேன். இரட்டை மதில் போல இரண்டு உறைச் சவ்வுகள். வெளிச் சவ்வில் டாக், உள் சவ்வில் டிக் என்று புரத வாசல்கள். புரதத்தின் முனையில் நுழைவுச் சீட்டாக ஒரு துண்டு. உள்ளே வந்ததும் அது வெட்டப்படும். சரி, ஒளியைப் பிடித்துத் தரும் ஒளி அறுவடைப் புரதம் போக வேண்டியது இன்னும் உள்ளே, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு! அதாவது ஒளிச்சேர்க்கைக்கு ஒளியைப் பிடிக்கும் உள்பைகளான தைலக்காய்டுகளின் சவ்வுக்கு. சிக்கலே இங்கேதான். நீரோடு ஒட்டாத மூன்று சுருள்கள் அந்தப் புரதத்தில் உண்டு. உறைக்கும் தைலக்காய்டுக்கும் இடையே நீர் நிறைந்த ஸ்ட்ரோமாவில் தனியே விட்டால் திரண்டு கட்டியாகிவிடும். அதனால் எஸ்ஆர்பி54, எஸ்ஆர்பி43 என்ற துணைப் புரதங்கள் இரண்டும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகின்றன. ("ஷேர் ஆட்டோவா சார்?" என்றான் ஒரு பையன்.) சவ்வருகே எஃப்டிஎஸ்ஒய் என்ற புரதம் அதை ஏற்றுக்கொள்ள, ஆற்றல் தரும் மூலக்கூறான ஜிடிபி செலவாக, ஆல்ப்3 என்ற இன்னொரு புரதம் அதைச் சவ்வுக்குள் செருகுகிறது.

ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஆல்ப்3 பழுதானால் இலை வெள்ளையாகிவிடும். எஸ்ஆர்பி43 இல்லாத செடி வெளிர்பச்சையோடு பிழைத்துக்கொள்ளும். அதற்காக மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லையில் வெளிறிய இலையைக் கண்டதும் இதை நினைத்துவிடாதீர்கள். அங்கே முதலில் இரும்புச்சத்துக் குறைவா என்று பாருங்கள்.