கூப்பனைவிட மளிகைச் சீட்டு முக்கியம்

பில் போடும் இடத்தில் கூப்பனை எடுத்து நீட்டுபவரைக் கஞ்சன் என்று கேலி பேசுவது எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதில்தான் அரிசி, பருப்பு வாங்க வேண்டும். அதில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் நல்லதுதான். ஆனால், அது உண்மையிலேயே குறைகிறதா?

எங்கள் கடலூரில், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் பெரிய கடைகளில் பில்லோடு அடுத்த மாதக் கூப்பனையும் கொடுத்துவிடுகிறார்கள். ‘100 ரூபாய் தள்ளுபடி’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். 2,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். வீட்டில் எழுதிவந்த மளிகைச் சீட்டில் உள்ள பொருட்களுக்கு 1,700 ரூபாய்தான் ஆகிறது என்று வையுங்கள். பிஸ்கட், நூடுல்ஸ் என்று 300 ரூபாய்க்கு அள்ளிப்போட்டு 2,000 ஆக்கினால், நூறு கழித்து 1,900 கட்ட வேண்டும். கைக்காசு இருநூறு கூடுதலாகப் போனதுதான் கண்ட பலன். அதே 300 ரூபாய்க்கு அடுத்த மாதத்துக்கான துவரம் பருப்பையும் சோப்பையும் வாங்கி வைத்தால், அந்த நூறு நிஜமாகவே நம்முடையது. எப்படியும் வாங்கப்போகிற, கெடாத பொருளுக்குத்தான் கூப்பன்.

கடைக்காரர் நோக்கம் வேறு. 1880களின் கடைசியில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் கோகோ கோலாவுக்கு இலவசச் சீட்டு கொடுத்ததும், அதுவரை அந்தப் பானத்தைத் தொடாதவர்களைப் பழக்குவதற்காகத்தான்.

எண்ணெய் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பக்கத்திலேயே, பார்வைக்கு அதே அளவில், 850 கிராம் பாக்கெட்டும் இருக்கும். லிட்டர் பாக்கெட் 148 ரூபாய், 850 கிராம் 150 ரூபாய், அதற்குப் பத்து ரூபாய்க் கூப்பன் என்றால் கை தானாகக் கூப்பன் பக்கம்தான் போகும். கணக்குப் போட்டால் நூறு கிராம் லிட்டர் பாக்கெட்டில் 16.26 ரூபாய், கூப்பன் கழித்த பிறகும் சின்னதில் 16.47 ரூபாய். ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதை எம்.ஆர்.பி.யோடு பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. தள்ளுபடியைப் பார்க்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

காய்கறிக்குக் கூப்பனே வேண்டாம். உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். கத்திரிக்காயைக் கையால் பார்த்துப் பொறுக்கலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எவ்வளவுக்கு வாங்க வேண்டும், கடைசித் தேதி எது, எந்தப் பொருளுக்குச் செல்லாது என்ற மூன்றையும் தள்ளுபடித் தொகையின் அதே அளவு எழுத்தில், தமிழில் அச்சிடுங்கள். எல்லாவற்றையும் பில் போட்டு முடித்து, பின்னால் வரிசை நிற்கும்போது, “இதற்குச் செல்லாது அம்மா” என்பது முறையல்ல.