மிக்கோயன் ஹவானாவில் கழித்த நவம்பர்

சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவுடன் மூண்ட கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1962 அக்டோபர் 16 அன்று தொடங்கி 28 அன்று முடித்துவிடுகிறார்கள். இந்தப் பதின்மூன்று நாள் கணக்கு வாஷிங்டனின் கணக்கு. மாஸ்கோவுக்கும் ஹவானாவுக்கும் இடையிலான சிக்கல் முற்றியது 28ஆம் தேதிக்குப் பிறகுதான். ஒரே தத்துவத்தைப் பேசிய இரண்டு அரசுகள் அணுகுண்டு விஷயத்தில் எவ்வளவு விலகி நின்றன என்பதை அறிய, சோவியத் துணைப் பிரதமர் மிக்கோயன் ஹவானாவில் கழித்த அந்த நவம்பரைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகச் சோவியத் தலைவர் குருஷேவ் மாஸ்கோ வானொலி வழியாக அறிவித்தபோது, தன் மண்ணில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் படையினரை ஏற்றிருந்த கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. செய்தி வழியாகத்தான் அவருக்கே தெரிந்தது. பின்வாங்கிய முடிவு சரி. பின்வாங்கிய விதம் தவறு. அதே சமயம், அமெரிக்கா கியூபாவுக்குள் படையெடுத்தால் அந்த ஆபத்தை நிரந்தரமாக ஒழித்துவிட வேண்டும் என்று அக்டோபர் 26 இரவு காஸ்ட்ரோ எழுதத் தொடங்கிய கடிதத்தைப் படித்த குருஷேவ் திடுக்கிட்டதிலும் வியப்பில்லை. அணுகுண்டால் முதல் அடியை நாமே அடிக்க வேண்டும் என்கிறீர்களா என்று அவர் பதில் எழுதினார். அமெரிக்கா பின்னால் இருந்து நடத்திய பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு கியூபாவில் நடந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது; ஆகவே காஸ்ட்ரோவின் அச்சம் கற்பனையன்று. ஆனால் அச்சம் நியாயமானது என்பதற்காக அதற்கு அவர் தேடிய மருந்தும் நியாயமாகிவிடாது.

காயப்பட்ட தோழரைச் சமாதானப்படுத்த மாஸ்கோ அனுப்பியது துணைப் பிரதமர் அனஸ்தாஸ் மிக்கோயனை. கியூபாவில் ஏவுகணைகளை வைக்கும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே எதிர்த்தவர் அவர். (வேண்டாம் என்று சொன்னவரையே விளைவைச் சரிசெய்ய அனுப்புவது எல்லாக் கட்சிகளிலும் நடப்பதுதான்.) நவம்பர் 2 அன்று அவர் ஹவானா சேர்ந்தார், மறுநாள் மாஸ்கோவில் அவருடைய மனைவி இறந்தார். உடன் வந்திருந்த மகனை ஊருக்கு அனுப்பிவிட்டு, பேச்சுவார்த்தை பாதியில் நின்றுவிடக் கூடாது என்று அவர் அங்கேயே தங்கினார்.

அவர் செய்த பெரிய காரியம் நெடுநாள் வெளியே தெரியாமல் இருந்தது. நடுத்தரத் தூர ஏவுகணைகளைத் தவிர, போர்க்களத்தில் பயன்படுத்தக்கூடிய சிறிய அணு ஆயுதங்கள் ஏறத்தாழ நூறு கியூபாவில் இருந்தன. அவை அங்கிருப்பதை அமெரிக்கர்கள் உறுதியாக அறிந்திருக்கவில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியுடன் செய்த உடன்பாட்டில் அவற்றைப் பற்றிய பேச்சே இல்லை. அவற்றைக் கியூபாவின் கையில் ஒப்படைக்கும் எண்ணம் மாஸ்கோவுக்கு இருந்தது. காஸ்ட்ரோவுடன் நாள் கணக்கில் பேசிப் பார்த்த மிக்கோயன், அது கூடாது என்ற முடிவுக்கு வந்தார். அணு ஆயுதங்களைப் பிற நாடுகளுக்குக் கொடுப்பதை எங்கள் சட்டம் தடுக்கிறது என்று நவம்பர் 22 அன்று காஸ்ட்ரோவிடம் சொன்னார். அப்படியொரு சட்டம் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஆயுதங்கள் கப்பலேறின. கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்ன பொய்களில், நான் மனதார மெச்சும் பொய் இது ஒன்றுதான்.

சீனத் தலைமை அமர்ந்திருந்த பீகிங்கோ குருஷேவின் மீது இரண்டு குற்றங்களை ஒரே மூச்சில் சுமத்தியது: ஏவுகணை வைத்தது சாகசவாதம், எடுத்தது சரணாகதி. மனித இனத்தில் பாதி அழிந்தாலும் மீதிப் பாதி எஞ்சும் என்று 1957இல் மாஸ்கோவிலேயே பேசிய மாவோவின் கட்சி அது. இமயமலையில் இந்திய சீனப் போரும் அதே அக்டோபரில்தான் தொடங்கியது. நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, அக்டோபர் 25 அன்று, சோவியத் கட்சி நாளேடான பிராவ்தா அந்தப் போரில் சீனாவின் பக்கம் சாய்ந்து எழுதியது. நெருக்கடி தணிந்ததும் நவம்பர் 5 அன்று நடுநிலைக்குத் திரும்பிவிட்டது. 1964இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்ததற்குத் தத்துவக் காரணங்களை மட்டும் அடுக்கும் நண்பர்கள், இந்த இரண்டு தலையங்கங்களையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.

கென்னடி குருஷேவை மண்டியிட வைத்தார் என்பவர்களுக்கும், குருஷேவ் கியூபாவைக் காட்டிக் கொடுத்தார் என்பவர்களுக்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு: பேரத்தின் மறுபாதியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். துருக்கியில் இருந்த தன் 15 ஜூபிடர் அணு ஏவுகணைகளை அகற்றுவதாக அமெரிக்கா இரகசியமாக ஒப்புக்கொண்டது. 1963 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. அந்த இரகசியத்தைக் குருஷேவ் காத்ததால்தான் உலகின் கண்ணுக்குத் தோற்றவராகத் தெரிந்தார். 1964 அக்டோபரில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது கியூபாவும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. ஏதேனும் ஒரு பொறுப்பிலாவது அவர் நீடிக்கட்டும் என்று, அவரை இறக்கிய கட்சித் தலைமைக் கூட்டத்தில் அவருக்காகப் பேசியவர் மிக்கோயன்.