பானை ஓடு எந்த டிபார்ட்மென்ட்?

அக்கா மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்தாள். அப்புறம் எம்.ஏ. தொல்லியல். பழைய பானை ஓடுகளில் ஊறிப்போயிருக்கும் பிசுக்கைச் சோதித்து, அதில் என்ன சமைத்தார்கள், என்ன ஊற்றி வைத்திருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதிலேயே பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. கீழடிப் பானை ஓடுகளின் உள்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020-ல் எழுதினார்களே, அந்தச் செய்தி படித்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம். ஆறு மாதமாக அலைகிறாள். வேதியியல் துறைக்குப் போனால் “எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி இல்லையேம்மா” என்கிறார்கள். தொல்லியல் துறையில் “நல்ல தலைப்பு, ஆனா எங்ககிட்ட லேப் கிடையாதே” என்கிறார்கள். ஓர் இடத்தில் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தவர், “நீங்க ஆர்ட்ஸா சயின்ஸா, மொதல்ல அதச் சொல்லுங்க” என்றாராம். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், “மாமா, பானை ஓடு எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் கல்லூரியில் முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தியவன். எங்கள் ஆசிரியர் அறையில் தமிழ்க்காரர்கள் ஜன்னல் ஓரம், இயற்பியல்காரர்கள் மின்விசிறிக்கு நேர் கீழே. டி.ஏ. உயர்வு என்றால் எல்லாரும் ஒரே மேசைக்கு வந்துவிடுவோம். அவரவர் பாடத்தைப் பற்றி ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இலக்கணம் நடத்துகிறவருக்கு என்னிடம் என்ன வேலை என்று நானும் மிதப்பாகத்தான் இருந்தேன்.

அந்த மிதப்பை இறக்கியது 2009-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை. சிந்துவெளி முத்திரைகளில் இருக்கும், இன்னும் யாரும் படித்து முடிக்காத குறிகள் பற்றியது. எழுதியவர்கள் யார் என்று பாருங்கள்: கணினி அறிவியலாளர் ராஜேஷ் ராவ், வானியற்பியலாளர் மயங்க் வாஹியா, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த இயற்பியலாளர் ரணஜய் அதிகாரி, அவர்களோடு நிஷா யாதவ், ஹ்ரிஷிகேஷ் ஜோக்லேகர், கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். ஒரு குறி வந்தால் அடுத்து எந்தக் குறி வரும் என்பதை எவ்வளவு தூரம் ஊகிக்க முடிகிறது என்று அளந்தார்கள். எங்கள் பாடத்தில் இதற்கு என்ட்ரோபி என்று பெயர். கணினி நிரல்மொழியான ஃபோர்ட்ரானில் அடுத்து வருவது கறாராக இருக்கும். டிஎன்ஏ சரத்தில் கிட்டத்தட்ட எது வேண்டுமானாலும் வரும். பழந்தமிழ், ரிக்வேத சமஸ்கிருதம், சுமேரியம், ஆங்கிலம் போன்ற மொழிகளெல்லாம் இரண்டுக்கும் நடுவில் நின்றன. சிந்துவெளிக் குறிகளும் அந்த நடுவில்தான் நின்றன.

கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரத்துக்குப் போனேன். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்த தமிழாசிரியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது எங்க மெய்ம்மயக்கம் சார்” என்றார். ங்-க்குப் பின்னால் க வரும், அங்ஙனம் இங்ஙனம் என்று ஙகரமே வருவதும் உண்டு, டகரமோ பகரமோ வராது. ட்-க்குப் பின்னால் என்றால் க, ச, ப மூன்றுக்கும் இடம் உண்டு. எந்த மெய்க்குப் பின் எது வரும் என்று தொல்காப்பியத்திலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். இருபது வருஷம் பக்கத்து மேசையில் இருந்த மனிதர்!

உடனே, ‘என்ட்ரோபியை அன்றே கண்டான் தமிழன்’ என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். தொல்காப்பியர் விதி சொன்னார், அளக்கவில்லை. கட்டுரைக்காரர்கள் அளந்தார்கள், குறிகளைப் படித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மொழியியலாளர் ரிச்சர்ட் ஸ்புரோட் கட்டுரைக்காரர்களைச் சும்மா விடவும் இல்லை. எழுத்தே அல்லாத குறிகளுக்கும் இப்படி ஓர் அளவு வரலாம், இதை வைத்து மொழி என்று சொல்லிவிட முடியாது என்று பிடித்துக்கொண்டார். 2010-ல் ‘கம்ப்யூட்டேஷனல் லிங்விஸ்டிக்ஸ்’ இதழில் இரு தரப்பும் மோதிக்கொண்டதைப் படித்தால் டெஸ்ட் மேட்ச் பார்த்த மாதிரி இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மோதல்தான். அடுத்தவர் துறைக்குள் காலை வைத்தால் அந்தத் துறைக்காரர் அடிப்பார். வாங்கிக்கொண்டு பதில் சொல்லத் தெம்பு வேண்டும்.

நம்மூரில் ‘பல்துறை ஆய்வு’ என்ற பெயரில் நடப்பதில் முக்கால்வாசியில் இந்த அடிக்கே இடமில்லை. திருக்குறளில் மேலாண்மை, சிலப்பதிகாரத்தில் சூழலியல், சங்க இலக்கியத்தில் அறிவியல். பதிவுக் கட்டணம் கட்டினால் ஐ.எஸ்.பி.என். போட்ட தொகுப்பில் நாலு பக்கம். மேலாண்மை படித்த யாரும் அந்தக் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை, தமிழ் படித்தவரும் படிக்கப் போவதில்லை. இரண்டு துறைப் பெயரைத் தலைப்பில் ‘இல்’ போட்டு ஒட்டினால் பல்துறை ஆகிவிடுமா? (நானே இப்படி ஒரு கருத்தரங்குக்குத் தலைமை தாங்கிச் சால்வை வாங்கியிருக்கிறேன். மறைப்பானேன்.)

நிஜமான பல்துறை எப்படி இருக்கும் என்பதற்கு, அந்தக் கட்டுரைக்காரர்களில் ஒருவரான மகாதேவனையே பாருங்கள். வேதியியலும் சட்டமும் படித்தவர், 1954-ல் ஐ.ஏ.எஸ். ஆனவர். கரூர் பக்கத்துப் புகழூர்க் கல்வெட்டில் சேர அரசர் பெயர்களைப் படித்துக் காட்டியது கோப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான். சிந்துவெளிக்கு வந்தபோது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியைப் பயன்படுத்தி, எந்தக் குறி எங்கே, எதன் பக்கத்தில் வருகிறது என்று முழு அட்டவணை போட்டார். 2906 பொருட்கள், 417 குறிகள். 1977-ல் அது இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. 2009 கட்டுரைக்காரர்கள் எண்ணிப் பார்த்ததும் அவருடைய அட்டவணையைத்தான். பழந்தமிழ் எழுத்தான தமிழ்-பிராமியில் கல்வெட்டுகள் உள்ள குகைகளுக்கு 1960-களில் ஏறியவர், 1990-களில் திரும்பவும் ஏறி, தன் பழைய வாசிப்புகளைத் தானே திருத்தினார். அந்த உழைப்பு நூலானது 2003-ல். இதற்கு எந்த ‘கைடு’ கையெழுத்துப் போட்டிருப்பார்?

ஈழத்தில் விபுலானந்தர் இன்னொரு மாதிரி. காரைதீவுக்காரர், அறிவியல் படித்து அறிவியல் ஆசிரியராக இருந்தவர், பிற்பாடு துறவி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழ் பற்றி வரும் வரிகளை எடுத்துக்கொண்டு, நரம்புக்கும் சுரத்துக்கும் கணக்குப் போட்டு, 1947-ல் ‘யாழ் நூல்’ கொண்டுவந்தார். தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியபோது, நூலில் சொன்ன கணக்குப்படி செய்த யாழ்களை மீட்டியே காட்டினார்கள். அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார். தமிழா, இயற்பியலா, இசையா, தச்சு வேலையா என்று பிரிக்கப் பார்த்தால் அந்த நூலில் ஒரு பக்கம் மிஞ்சாது.

2025 ஜனவரியில், சிந்துவெளி எழுத்துப் புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம், எனக்கும் மகிழ்ச்சிதான். பரிசு வாங்க எந்தத் துறையில் படித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பரிசு வாங்கியவர் மறுநாள் இங்கே ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு வந்தார் என்று வையுங்கள். “உங்க டிகிரிக்கு ஈக்விவலன்ஸ் இருக்கா?” என்றுதான் முதல் கேள்வி வரும். புதுப் பெயரில் இருக்கும் ஒரு பட்டத்தைப் பழைய பெயருக்குச் சமம் என்று காட்டக் காகிதம் தேடி அலைந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

விதிகள் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. வேதியியல் தெரியாதவரிடம் ஆய்வகச் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு வருஷம் அடிப்படைப் பாடம் வை, பரீட்சை வை, தேறாவிட்டால் அனுப்பிவிடு. வழிகாட்டி ஒருவருக்குப் பதில் இரண்டு பேராக இருக்கட்டும். ஆர்ட்ஸா சயின்ஸா என்று வாசலிலேயே மறிக்காதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா மகள் இப்போது சனிக்கிழமைகளில் என்னிடம் புள்ளியியல் படிக்க வருகிறாள். கேள்வி கேட்டே கொல்கிறாள். ஆய்வகமும் வைத்துக்கொண்டு பானை ஓட்டிலும் ஆர்வமுள்ள வழிகாட்டி யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். சென்னை, மதுரை, தஞ்சாவூர் எங்கே என்றாலும் சரி. பெண்கள் விடுதி பக்கத்தில் இருந்தால் அக்கா கொஞ்சம் நிம்மதியாக இருப்பாள்.