சிக்கனக் கணக்கில் கைவலியையும் எழுதுங்கள்

மாதச் செலவைக் குறைப்பது எப்படி, கம்மிச் செலவில் சமைப்பது எப்படி என்று யார் எழுதினாலும் விடாமல் படித்துவிடுவேன். எங்கள் வீட்டுக்கு அது தேவை. வீட்டுக்காரர் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நான் தையல் மெஷினைத் தொட்டு வருடக்கணக்காகிறது. முடக்குவாதம். சரவாங்கி என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். முதலில் விரல்களும் மணிக்கட்டும் வீங்கின, அப்புறம் முழங்காலுக்கும் வந்தது. ஒரு சம்பளம் நின்று, மருந்தும் ஆட்டோ வாடகையும் புதிதாகச் சேர்ந்துகொண்ட வீட்டில் சிக்கனம் பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் அந்தக் குறிப்புகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கோபம் வருகிறது. மாவு பாக்கெட் வாங்காதே, வீட்டில் ஆட்டு. மசாலாப் பொடி வாங்காதே, வறுத்து இடி. உரித்த பூண்டு வாங்குகிறவள் சோம்பேறி, நறுக்கிய காய் வாங்குகிறவள் ஊதாரி. இதையெல்லாம் எழுதுகிறவர்கள் சமைக்கிறவளுக்கு வலிக்காத இரண்டு கை இருப்பதாக வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். காசை மிச்சம் பிடிக்கும் வழி ஒவ்வொன்றிலும் காசுக்குப் பதில் உடம்பு செலவாகிறது. நல்ல உடம்புக்காரருக்கு அது கண்ணில் படாது, ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். எங்களைப் போன்றவர்களுக்குச் சரியாகாது. இன்றைக்கு அதிகமாகச் செலவழித்த தெம்பை அடுத்த மூன்று நாள் கட்ட வேண்டியிருக்கும்.

அதனால் நாள்பட்ட நோயோடு குடும்பம் நடத்துகிறவர்கள் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் எழுத வேண்டும் என்கிறேன். இந்தப் பொருள் எவ்வளவு ரூபாய்? இதைச் சாப்பாடாக்க என் கையில் எவ்வளவு போகும்? இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் எது மலிவு, எது விலை அதிகம் என்று தெரியும்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசி இலவசம், உளுந்துக்குத்தான் காசு. காகிதத்தில் போட்டால் கடை மாவைவிட வீட்டு மாவு பாதி விலைகூட வராது. ஆனால் அரிசியைக் களைந்து, கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்து, மாவை வழித்து, மறுபடி கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். கல்லைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில் மொத்தக் கனமும் கட்டைவிரல் அடியில் இறங்கும். அன்று சாயங்காலம் மணிக்கட்டு உப்பிவிட்டால் மறுநாள் சமையல் கிடையாது. நாலு பேருக்கு ஹோட்டலில் டிபன் வாங்கினால் ஒரு வாரத்து மாவுக் காசு ஒரே வேளையில் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் மாவு ஆட்டுவது வீட்டுக்காரர் வேலை. அவருக்கு ஓவர்டைம் வரும் வாரத்தில் கடை மாவு வாங்குகிறேன், மனசில் எந்தக் குறையும் இல்லாமல்.

வேலையைப் பிரித்துக்கொள்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் சின்ன வெங்காயம் இல்லாமல் சமையல் இல்லை. அதை உரிப்பது விரல் நுனிக்குப் பெரிய தண்டனை. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் தோல் இளகிக் கழன்றுவிடும், அப்போதும் அரைக் கிலோ என்பது எனக்கு அதிகம். எங்கள் அத்தை டிவி பார்த்துக்கொண்டே உரித்துத் தருகிறார். பத்தாவது படிக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை இரண்டு தேங்காயைத் துருவிச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுவான். இதை "உதவி" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பாது. அவனும்தானே சாப்பிடுகிறான்? வீட்டுச் சிக்கனம் முழுக்க ஒருத்தியின் சம்பளமில்லாத உழைப்பில் நடக்கிறது என்பது, அவள் படுத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவருகிறது.

இந்த நோய்க்காரர்களுக்கு விடிகாலைதான் மோசமான நேரம். விரல் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பள்ளிக்கூடத்துக்கும் பட்டறைக்கும் டப்பா கட்ட வேண்டியதும் அதே நேரம்தான். அதனால் என் சமையல் நேரத்தை மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணி எனக்கு நல்ல நேரம். காய் நறுக்குவது, புளி கரைப்பது, மறுநாள் குழம்புக்கு வதக்கி அரைப்பது எல்லாம் அப்போதே முடிந்துவிடும். புளியை அரைக் கிலோவாக வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, உப்புப் போட்டுப் பாட்டிலில் வைத்துக்கொண்டால் தினமும் பிசைய வேண்டாம். அந்தப் பாட்டில் மூடியைத் திறக்க, பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி மூடியைச் சுற்றி மாட்டியிருக்கிறேன். ரப்பர் பிடிமானத்தில் உள்ளங்கையை வைத்துத் திருப்பினாலே மூடி கழன்றுவிடும், விரலில் அழுத்தம் போகாது. கத்திப் பிடியிலும் அதே டியூபைத்தான் சுற்றியிருக்கிறேன். பிடி பருமனாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

காலையில் அரிசிம்பருப்புச் சாதம்தான் எங்களைக் காப்பாற்றுகிறது. வாரத்தில் பாதி நாள் அதுதான், பிள்ளைகளும் சலிக்காமல் சாப்பிடுகிறார்கள். இரண்டு டம்ளர் ரேஷன் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் களைந்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊறினால் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். குக்கரில் எண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்து வைத்த சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுசாகவே போடுவேன், நறுக்குவதில்லை. தக்காளியைக் கையால் பிய்த்துப் போட்டுவிடலாம். மஞ்சள்தூள், உப்பு, ஊறிய அரிசி பருப்பு, ஆறேழு டம்ளர் தண்ணீர். மூன்று விசில் வந்ததும் அணைத்துவிட்டால் ஆவியிலேயே மீதி வெந்துவிடும். இறக்கும்போது தேங்காய்த்துருவல் ஒரு கைப்பிடி, தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன். ஒரே பாத்திரம், கழுவுவதும் ஒன்றுதான். ஐந்து லிட்டர் குக்கரை அடுப்பிலிருந்து தூக்குவதில்லை, அடுப்பிலேயே வைத்துக் கரண்டியால் எடுத்துப் போடுகிறேன். தட்டை அடுப்பு மேடைக்குக் கொண்டுவந்தால் போதுமே.

இந்த நோய்க்காக வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை போடுகிறவர்களுக்கு மறுநாள் குமட்டல் எப்படி இருக்கும் என்று தெரியும். தாளிக்கிற வாசனையே ஆகாது. அந்த நாளுக்கென்று ராகிக் கூழை முதல் நாளே காய்ச்சி வைத்து, மோர் கலந்து குடிக்கிறேன். களி கிண்ட என் கையால் முடியாது, கூழுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு முறைதான் போட வேண்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இனிக் கடைக்குப் போவது. உழவர் சந்தை 1999-ல் மதுரையில் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்குக் காய்கறிச் செலவைக் குறைத்திருக்கிறது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் விடிகாலையில் போனால்தான் நல்ல காய். எனக்கோ அந்த நேரத்தில் கை விரியாது. அதனால் சந்தை முடிகிற நேரமாகப் பார்த்துப் போகிறேன். மிச்சக் காயைத் திரும்ப ஊருக்குச் சுமந்துபோக மனமில்லாமல் விவசாயிகள் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நான் பீட்ரூட்டும் பூசணியும் வாங்கும் அம்மா, பையைத் தூக்க நான் யோசிப்பதைப் பார்த்தாலே, "நீ வெச்சுட்டுப் போ கண்ணு, பையன எடுத்தாரச் சொல்றேன்" என்பார். பையை விரலில் தொங்கவிடக் கூடாது, முழங்கை மடிப்பிலோ தோளிலோ மாட்ட வேண்டும் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது துணிப்பையெல்லாம் நீளக் காது வைத்துத்தான் தைக்கச் சொல்கிறேன்.

கீரை சத்தானது, மலிவானது, அதே அளவுக்குக் கையைக் கொல்லக்கூடியது. முருங்கைக்கீரைக்கு மட்டும் நல்ல வழி இருக்கிறது. கொத்தை ராத்திரி ஒரு துணியில் இறுகச் சுற்றி வைத்துவிட்டால் காலையில் உதறும்போது இலையெல்லாம் தானாக உதிர்ந்துவிடும், காம்பை மட்டும் பொறுக்கினால் போதும். அரைக்கீரை, சிறுகீரைக்கு இப்படி ஒன்றும் இல்லை. ஆய்ந்து வைத்த கீரையைக் கூடுதல் காசுக்கு விற்கிற பாட்டியிடம் வாங்குகிறேன். அந்தக் கூடுதல் காசு அவர் விரல்களின் உழைப்புக்கு. மீனில் மத்தி. விலை குறைவு, ஒமேகா 3 கொழுப்பு அதிகம். கடையிலேயே செதில் எடுத்துச் சுத்தம் செய்து வாங்கினால் வீட்டில் மசாலா தடவுவது மட்டும்தான் பாக்கி.

மலிவு என்பதற்காக நான் தொடவே தொடாத சிலதும் உண்டு. பாதி அழுகிய தக்காளியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்பார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிற உடம்புக்கு அந்த மிச்சம் பிடிப்பு வேண்டாம். பூசணம் பிடித்த நிலக்கடலை, கறுத்த கொப்பரை, இவற்றில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைத்தான் தாக்கும். ஏற்கெனவே மாத்திரையால் ஈரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் நாங்கள். மீந்த சோற்றையும் வெளியே வைக்காமல் ஆறியதும் ஃபிரிஜில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கித்தான் சாப்பிடுகிறேன்.

அறிவுரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வை, முடக்கத்தான் கீரையில் தோசை ஊற்று என்று சொல்லும் சொந்தக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அன்பில்தான் சொல்கிறார்கள். இரண்டும் நல்ல சாப்பாடு, கிடைத்தால் நானும் செய்வேன். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவேன். மருந்தில்லாமல் விட்டால் இந்த நோய் மூட்டுகளை அரித்துவிடும். அரித்த மூட்டு பழையபடி திரும்பாது. மாதம் ஆயிரக்கணக்கில் பவுடர் விற்பவர்கள்மேல்தான் என் கோபமெல்லாம். தக்காளியை விடு, கத்தரிக்காயை விடு, பருப்பை விடு என்று மலிவான சத்தையெல்லாம் வரிசையாகப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தங்கள் டப்பாவை வைக்கப் பார்க்கிறார்கள். தனக்கு ஒத்துக்கொள்ளாததை ஒருவர் தவிர்க்கட்டும், சரி. ஏழை நோயாளியின் தட்டிலிருந்து முட்டையையும் பருப்பையும் எடுப்பது கொடுமை. அந்தப் பவுடர் காசுக்கு ஒரு மாதம் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் தினம் ஒரு முட்டை வாங்கலாம்.

மருந்துக்கு நான் அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறேன். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் இலவசம். ஸ்டாக் இல்லாத வாரத்தில் குறைந்த விலைக்கு மருந்து விற்கும் மக்கள் மருந்தகமோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமோ கை கொடுக்கும். அப்படி மிச்சமாகும் பணம்தான் எங்கள் வீட்டில் பாலாகவும் பழமாகவும் மாறுகிறது.

ரேஷனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 2011-லிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு நூறு ரூபாயைத் தாண்டி விற்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் நிற்க வேண்டும், வளைந்த விரலை மெஷினில் அழுத்தி வைக்க வேண்டும், அரிசி மூட்டையைத் தூக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வரும் என்றார்கள். மிக நல்ல திட்டம், கை தட்டி வரவேற்கிறேன். எனக்கு 46 வயது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லும் 21 வகைகளில் முடக்குவாதம் என்ற பெயர் கிடையாது. மூட்டு நிரந்தரமாக முடங்கிப்போய், இயக்கக் குறைபாடு 40 சதவீதம் என்று டாக்டர்கள் சான்று கொடுத்தால்தான் சலுகைக் கணக்கில் சேர முடியும். அதாவது, கை முழுதாகக் கோணிப்போன பிறகு வா என்கிறார்கள். அப்படிக் கோணாமல் இருக்கத்தானே இத்தனை மருந்து சாப்பிடுகிறேன்!

முடக்குவாதம், டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை, இதய நோய் என்று அரசு மருத்துவமனையிலேயே தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அந்த மருத்துவமனைச் சீட்டையே சான்றாக எடுத்துக்கொண்டு ரேஷனை வீட்டுக்குக் கொடுக்கலாம். புதிதாக அலுவலகம் எதுவும் திறக்க வேண்டியதில்லை. வண்டி ஏற்கெனவே எங்கள் தெருவுக்கு வருகிறது, பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பொருள் இறக்கிவிட்டுத்தான் போகிறது. எங்கள் வார்டு கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன், உங்கள் வார்டில் நீங்களும் கேளுங்கள். அதுவரை, கடைக்குப் போக முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் கருவிழிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் யாராவது அந்த அங்கீகாரச் சான்றை வாங்கியிருந்தால் எங்கே, எப்படிக் கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள், தேவைப்படுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.