சளி பிடித்திருந்தால் தடுப்பூசி கூடாதா?

“சளி பிடித்த குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ஆபத்து, தவணை தவறினால் முதலிலிருந்து போட வேண்டும்” என்று ஈரோடு மாவட்டத்தில் கோபி, பவானிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

லேசான சளி, இருமல், இளஞ்சூடு எதுவும் தடுப்பூசிக்குத் தடையல்ல. கடும் காய்ச்சலோ, முந்தைய ஊசியால் கடும் ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் முடிவு செய்வார். மார்கழிப் பனியில் எந்தக் குழந்தைக்குத்தான் மூக்கு ஒழுகாது? அமுச்சிமார் (பாட்டிமார்) அக்கறையோடுதான் தடுக்கிறார்கள், புரிகிறது. ஆனால் 9 மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தள்ளிப்போட்டால் அத்தனை நாளும் குழந்தைக்குப் பாதுகாப்பில்லை.

தவறிய தவணையை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம். எடையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.