துண்டு எங்கே என்று கேட்டது குற்றமா?

வெள்ளவத்தைப் பாமசியில் சனிக்கிழமை நடந்ததைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளுக்கு இவ்வளவு ஏச்சு வருமென்று நினைக்கவில்லை. ஒரு தாயை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தினேனாம். அந்தத் தாயிடம் நான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. டொக்டர் மருந்தெழுதிக் கொடுக்கும் துண்டில்லாமல் அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் பாணியை எடுத்துக் கொடுத்த கடைத் தம்பியிடம், துண்டு எங்கே என்று மட்டுமே கேட்டேன்.

பிள்ளைக்கு இருந்தது மூக்கு ஒழுகும் தடிமன். தடிமன் வைரசால் வருவது. பற்றீரியாவைக் கொல்லும் மருந்தான அன்ரிபயோட்டிக் வைரசைத் தொடுவதே இல்லை. குடலில் தீங்கின்றி வாழும் பற்றீரியாக்களைத்தான் அது அழிக்கிறது. மருந்தைத் தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகி, அந்த ஆற்றலுக்குரிய மரபணுவை வேறு இனப் பற்றீரியாக்களுக்கும் கடத்துகின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், அதை எவரும் கடையில் வாங்கக்கூடிய காலம் வரலாம் என்றும், அளவு குறைத்து எடுப்பவர்கள் கிருமிகளை அதற்குப் பழக்கிவிடுவார்கள் என்றும் 1945இல் தமது நோபல் உரையிலேயே எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு இது வெறும் எண்ணிக்கை அல்ல. என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்துச் சொல்லும் கல்ச்சர் அறிக்கையில் குளிசை மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே "பலனில்லை" என்றே இருந்தது. ஒன்பது நாட்கள் நரம்பில் ஊசி ஏற்றினார்கள்; கடைசி நாட்களில் ஏற்றுவதற்கு நரம்பே அகப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவருக்கு இருமல் வந்தபோதெல்லாம் துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இரண்டு நாளில் சுகமானதும் மிச்சத்தைப் பிஸ்கற் ரின்னில் போட்டு வைப்பார். அந்த ரின்னை நான் இன்னும் எறியவில்லை.

டொக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்கிறீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பது இலவசம். ஆனால் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பது உண்மைதான், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருந்தும், மலிவான குளிசை கேட்காமல் போகும் நாளில் விலை கூடிய ஊசிக்கு வழியின்றி நிற்கப்போகிறவரும் அதே ஏழைதானே? டொக்டர்மாரே தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் எழுதுகிறார்களே, கோழிப் பண்ணையிலும் போடுகிறார்களே என்கிறீர்கள். அவையும் பிழைதான். அதற்காக இது சரியாகிவிடாது.

"காசுள்ளவர் கதைக்கிறார்" என்று எழுதியவர் என்னை இருபது வருடமாக அறிந்தவர். அம்மாவைப் பார்க்க வார்டுக்கும் வந்தவர். அதுதான் வலிக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் தடிமன் மாறத் தொடங்கியிருக்கும், தானாகவே. பாணிதான் மாற்றியது என்று வீட்டில் நம்புவார்கள், அடுத்த மழைக்கும் அதே போத்தலைக் கேட்டு வருவார்கள், தம்பியும் கொடுப்பார்.