நேபாளச் சட்டத்தில் இருப்பது வேறு

"2006இல் மதச்சார்பற்ற நாடு என்று அறிவித்ததிலிருந்து நேபாளத்தில் பசுவை வெட்டலாம், யாரையும் மதம் மாற்றலாம்" என்று அண்ணன் மேலே எழுதியிருக்கிறார். இல்லண்ணே, அது தப்பு. வண்ணாரப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் மோமோ கடைத் தம்பி நேபாளக்காரர். அவரைக் கேட்டாலே சொல்வார், பசுவை வெட்டினால் அங்கே ஜெயில்.

2015 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவில் பசுதான் தேசிய விலங்கு. 26ஆம் பிரிவு, ஒருவர் இன்னொருவரை மதம் மாற்றுவதையே தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்புறம் 4ஆம் பிரிவைப் படியுங்கள். மதச்சார்பின்மை என்றால் தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் காப்பதும் சேர்ந்ததுதான் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த விளக்கம் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. சிறுபான்மையினர் குறைப்படுவதில் நியாயம் உண்டு.

இந்துக்கள் குறைந்துவிட்டார்கள் என்பதும் சரியில்லை. 2011 கணக்கெடுப்பில் 81.3 சதவீதம், 2021இல் 81.19. கிறித்தவர்கள் 1.4இலிருந்து 1.76 ஆகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பொதுவாக்கெடுப்பு நடத்தாமல் நாடாளுமன்றமே முடிவெடுத்தது என்று நீங்கள் சொன்னது உண்மை. மறுபடி இந்து நாடாக வேண்டும் என்று அங்கே கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி தாராளமாகப் பேசலாம். ஆனால் சட்டத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்லி, ராயபுரத்திலும் மண்ணடியிலும் எல்லா மதத்தாரோடும் பக்கத்து வீட்டில் வாழ்கிற நம் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள் அண்ணே.